பழையதைத் திற, பெயரை மாற்று

அச்சுச் செலவைக் குறைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட சிறு முதலாளியை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் அடையாளம் காண்பதற்கு அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவரிடமிருந்து வந்த கடிதம் ஒன்றைக் கையில் எடுத்தால் போதும். தலைப்பில் இவ்வாண்டுத் தேதியும், 'பார்வை' என்ற இடத்தில் பல ஆண்டுக்கு முந்தைய தேதியும், உறையில் ஒருவர் பெயரும், உள்ளே விளிப்பில் இன்னொருவர் பெயரும் இருக்கும். பெரிய ஏற்றுமதித் தொழிற்சாலைகள் கொடுத்தனுப்பும் தோலை வெட்டி, ஓரம் சீவி, மடித்து, தைத்து, ஷூவின் மேற்பகுதியாகிய 'அப்பர்' ஆக்கித் திருப்பி அனுப்புவது இவருடைய தொழில். பிறர் சரக்கின்மேல் கூலிக்கு வேலை செய்து தருவதால் இதனை ஜாப் ஒர்க் என்பர். கூலி ஜோடிக் கணக்கில், பைசாவரை பேரம் பேசி முடிவாகிறது என்பதால் சிக்கனம் இவருக்கு உடம்போடு ஒட்டிப்போனதில் வியப்பில்லை. ஆனால் தோலிலும் நூலிலும் பசையிலும் சிக்கனம் பிடித்தால் சரக்குத் திரும்பி வரும், மின்கட்டணத்தில் கை வைக்க வழியில்லை, ஆகவே அவருடைய சிக்கனம் முழுவதும் அலுவலக அறையின் மூலையில் இருக்கும் பிரின்டரின் தலையில் வந்து விடிகிறது.

இவருடைய கொள்கையை எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவது முறையாகாது. அச்சடித்த லெட்டர்ஹெட்டும் பில் புத்தகமும் இவ்வட்டாரத்தில் எத்தனை முறை வீணாயின என்பதை அறிந்தவர்கள் இவர் பக்கமும் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்வர். ஆம்பூர்க்காரர் ஒருவரின் முகவரியில் கடைசி வரி அவருடைய தந்தை காலத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருந்தது. 1989இல் மாவட்டம் பிரிந்து 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' ஆயிற்று. 1990களின் பிற்பகுதியில் 'வேலூர் மாவட்டம்' என்று பெயர் மாறிற்று. 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன, மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயிற்று, பேரணாம்பட்டு மட்டும் வேலூரோடு நின்றது. இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகராமல் நான்கு மாவட்டப் பெயர்களில் தொழில் நடத்திய குடும்பங்கள் இங்கே ஏராளம். வரி எண்ணின் கதை இதற்குச் சற்றும் இளைத்ததன்று. 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது 11 இலக்க 'டின்' எண் பில்லில் ஏறியது. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வந்து அதை இறக்கிவிட்டு, 33 என்ற தமிழ்நாட்டுக் குறியீட்டில் தொடங்கி, அடுத்து வருமான வரித் துறையின் பான் எண்ணைச் சுமந்து நிற்கும் 15 குறிகள் கொண்ட எண்ணை ஏற்றியது. கொஞ்சமாக அடித்தால் அச்சகத்தில் தாளுக்குத் தாள் விலை கூடும், நிறைய அடித்தால் அரசாங்கம் எதையாவது மாற்றிவிடும் என்ற இந்த இக்கட்டின் சாட்சியங்கள் பரண்மேல் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அவ்வப்போது ஒரு கட்டு இறக்கப்பட்டு, பசை துடைக்கவும் வடை மடிக்கவும் பயன்படுகிறது.

ஜி.எஸ்.டி. வந்த ஆண்டிலேதான் இவருக்கு டெம்ப்ளேட் என்ற சொல் அறிமுகமாயிற்று. நிறுவனத்தின் பெயர், முகவரி, வரி எண், கட்டங்கள் ஆகிய மாறாத பகுதிகளைக் கணினியில் ஒரே தடவை அமைத்து, தேதி, பெறுநர், சரக்கு, தொகை ஆகிய மாறும் இடங்களை வெறுமையாக விட்டு, வேண்டியபோது நிரப்பி வெள்ளைத் தாளில் எடுத்துக்கொள்ளும் மாதிரிப் படிவத்துக்கு அது பெயர். மாவட்டம் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும், பரணுக்கு எதுவும் ஏறாது. அவ்வாறு டெம்ப்ளேட்டாகச் சேமித்த கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் வேர்டு மென்பொருள் பெயரில்லாத புதுக் கோப்பு ஒன்றையே நீட்டுமாதலால், யார் எதைத் தட்டினாலும் மூலம் கலையாது. இவ்வளவையும் இவர் தெளிவாகப் புரிந்துகொண்டார், மாறும் இடங்கள் வெறுமையாக இருக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர. அவரிடம் இருப்பது டெம்ப்ளேட் அன்று. பழைய கடிதம். அதைத் திறந்து, பெயரை மாற்றி, வேறு பெயரில் சேமித்து, அச்சிடுவதையே அவர் டெம்ப்ளேட் முறை என்று அழைக்கிறார்.

அந்தப் பழைய கடிதம், தையல் நூலைப் பிந்தி அனுப்பிய கடைக்கு எழுதப்பட்ட ஒரு புகார்க் கடிதம். (இவருடைய கடிதங்கள் ஆங்கிலத்தில் அமைபவை; அவற்றின் வாசகங்கள் இங்கே தமிழில் தரப்படுகின்றன.) 'பல முறை தொலைபேசியில் நினைவூட்டியும்' என்று தொடங்கும் அக்கடிதத்திலிருந்தே நிறுவனத்தின் விலைப்புள்ளிகள், வங்கி விண்ணப்பங்கள், பணியனுபவச் சான்றுகள், மின்வாரியத்துக்கு எழுதும் மனுக்கள், பொங்கல் வாழ்த்துகள் அனைத்தும் பிறந்தன. தாயின் கோபம் பிள்ளைகளிடமும் தங்கிவிட்டபடியால், கடன் கேட்டு எழுதிய முதல் விண்ணப்பமே பல முறை நினைவூட்டியும் கிடைக்காத கடனைப் பற்றியதாக வங்கி மேலாளரைப் போய்ச் சேர்ந்தது. அவர் அதற்கு முன் இந்த முதலாளியின் பெயரைக் கேட்டதில்லை. பழைய பாக்கியைக் கேளாமலே தீர்த்த ஒரு தொழிற்சாலைக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதமும் அதே வரியோடு தொடங்கியதால், அங்குள்ள கணக்காளர் பதறிப்போய் இன்னொரு முறை பணம் அனுப்ப இருந்தார் என்று கேள்வி.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டு, எது மூலபாடம், எது பாடபேதம், எது ஏடெழுதியவர் கைப்பிழை என்று ஆராய்ந்ததைப் போன்ற ஒரு முயற்சியை இந்த நிறுவனத்தின் கடிதக் கோப்புகளின்மேலும் தாராளமாக நடத்தலாம். எந்தக் கடிதத்திலிருந்து எந்தக் கடிதம் பிறந்தது என்பதை அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சங்களைக் கொண்டே வரிசைப்படுத்திவிட முடியும். 'கறுப்பு நிற ஆட்டுத்தோல் லைனிங்' என்ற சொற்கள் தீயணைப்புத் துறைக்கு எழுதிய கடிதத்தில் காணப்படுவதால், அது ஒரு குறிப்பிட்ட ஆர்டருக்குப் பின்னர் எழுதப்பட்டது என்று துணியலாம். 'டியர் மேடம்' என்ற விளிப்பு திடீரென்று தோன்றி அடுத்த ஒன்றரை ஆண்டுக்கு எல்லா ஆண்களுக்கும் போயிருப்பதால், இடையில் ஒரு பெண் அதிகாரி அவ்வட்டாரத்துக்கு வந்து போனார் என்பது பெறப்படும்.

இந்த மிச்சங்களில் மிகவும் நீண்ட ஆயுள் உடையவை தாளின் அடிக்குறிப்பில் குடியிருப்பவை. ஃபுட்டர் எனப்படும் அடிக்குறிப்பு கணினித் திரையில் மங்கலாகத் தெரியும், தாளில் மட்டும் பளிச்சென்று விழும். திரையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஆண்டுக்கணக்கில் படாமலே இருந்துவிடும். இவருடைய அடிக்குறிப்பில் பில்லுக்குரிய மூன்று வரிகள் உண்டு. சரக்கில் குறை இருப்பின் ஏழு நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது முதல் வரி. வழக்குகள் வேலூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை என்பது இரண்டாவது. 'ஈ அண்ட் ஓ ஈ' என்பது மூன்றாவது. பில்லில் பிழையோ விடுபாடோ இருந்தால் திருத்தும் உரிமை தமக்கு உண்டு என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லிவைக்கும் வணிக வழக்கு அது.

இம்மூன்று வரிகளும் பில்லில் இருக்கும்வரை எந்தக் குற்றமும் இல்லை. பத்தாண்டு தையல் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போன மேற்பார்வையாளருக்குக் கொடுத்த நன்னடத்தைச் சான்றின் அடியிலும், குறை இருப்பின் ஏழு நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. புதிய கம்பெனியில் அதை ஒரு நிபந்தனையாகவே எடுத்துக்கொண்டு எட்டாம் நாள்தான் அவரை நிரந்தரமாக்கினார்கள். சென்னைப் பெரியமேட்டுத் தோல் வியாபாரி ஒருவர் காலமானபோது அவருடைய மகனுக்கு எழுதிய இரங்கல் கடிதம் உருக்கமாகவே இருந்தது. முதலாளி அதைத் தாமே உட்கார்ந்து தட்டினார், இறந்தவரிடம் தாம் தொழில் கற்றதையும் மறக்காமல் எழுதினார். ஆயினும் கையொப்பத்துக்கு மேலே, 'தங்கள் தொடர்ந்த ஆதரவை எதிர்நோக்குகிறோம்' என்ற வரி இருந்த இடத்திலேயே இருந்தது.

மகளின் திருமணத்தின்போதுதான் இம்முறை தன் முழு வல்லமையையும் காட்டிற்று. உறவினருக்கு உரிய பத்திரிகை அச்சகத்தில் பொன்னிற எழுத்தில் அடிக்கப்பட்டது, ஏனெனில் மனைவியின் சொல்லுக்கு முன் எந்தச் சிக்கனமும் நிற்பதில்லை. தொழில் தொடர்புடைய ஏறக்குறைய இருநூறு பேருக்கு மட்டும் லெட்டர்ஹெட்டில் அழைப்புக் கடிதம் போதும் என்று தீர்மானமாயிற்று. மணமகன், மணமகள், மண்டபம், நேரம் எல்லாம் சரியாகவே மாற்றப்பட்டிருந்த அந்த அழைப்பின் அடியில், குறை இருப்பின் ஏழு நாள்களுக்குள் தெரிவிக்குமாறும், வழக்குகள் வேலூர் நீதிமன்றத்திலேயே தொடுக்கப்பட வேண்டும் என்றும், பிழைகளைத் திருத்தும் உரிமை தமக்கு உண்டு என்றும் பெண்ணின் தந்தை கையொப்பமிட்டிருந்தார். விருந்தில் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு தீர்ந்துபோனதைக் கண்ட ஒரு ரசாயன வியாபாரி, ஏழு நாள் இருக்கிறதே, நிதானமாக எழுத்தில் தெரிவிக்கலாம் என்று பந்தியிலேயே சொன்னார். சம்பந்தி வீட்டார் மூன்றாம் வரியைப் பற்றித்தான் அதிகம் யோசித்தார்களாம்.

இவற்றையெல்லாம் சீர்செய்ய வந்தவர், வாணியம்பாடியில் பி.காம். முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் பெண். பில்லுக்கு ஒன்று, டெலிவரி சலானுக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று, சான்றிதழுக்கு ஒன்று என்று நான்கு டெம்ப்ளேட்டுகளை அமைத்து, மாறாத பகுதிகளில் யாரும் கை வைக்க முடியாதபடி கடவுச்சொல்லிட்டுப் பூட்டியும் வைத்தார். முதலாளி நான்கையும் பார்த்தார், ஒரு வார்த்தை தட்டிப் பார்த்தார், பூட்டிய இடத்தில் எழுத்து விழவில்லை.

"இன்னாம்மா இது, எங்க தொட்டாலும் எழுத மாட்டேங்குது?"

"அது மாத்தக்கூடாத எடம் சார். மாத்த வேண்டிய எடம் மட்டும் காலியா வுட்டு வச்சிருக்கேன்."

"காலியா இருந்தா இன்னா எழுதணும்னு எப்படிம்மா தெரியும்? பழசத் தொறந்தா எல்லாம் எழுதி ரெடியா இருக்குது, பேர மட்டும் மாத்துனா ஆச்சு. இதுக்குப் போயி புச்சா ஒண்ணு எதுக்கு?"

இக்கேள்விக்கு வணிகவியலில் விடை இல்லை. அந்தப் பெண் கடவுச்சொல்லை எடுத்துவிட்டார். அடுத்த வாரத்துக்குள் நான்கு டெம்ப்ளேட்டுகளின் இடத்திலும் நிரம்பிய கடிதங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.

எண்களின் விஷயத்தில் இப்பழக்கம் வேடிக்கையோடு நிற்பதில்லை. ஜி.எஸ்.டி. விதிகளின்படி ஒவ்வொரு பில்லுக்கும் 16 குறிகளுக்கு மிகாத ஒரு வரிசை எண் இருக்க வேண்டும், அந்த எண் ஒரு நிதியாண்டுக்குள் இரண்டாம் முறை வரக்கூடாது. அச்சகத்து பில் புத்தகத்தில் எண் தானே அச்சாகி வந்ததால் அதைப் பற்றி எவரும் கவலைப்பட நேர்ந்ததில்லை. பழைய பில்லைத் திறந்து பெயரை மாற்றுகிறவர் எண்ணை மாற்ற மறந்தால் இரண்டு தொழிற்சாலைகளுக்கு ஒரே எண்ணில் பில் போகும். மாதக் கணக்கை இணையத்தில் ஏற்றும்போது இரண்டாவதை ஜி.எஸ்.டி. தளம் ஏற்காது. அந்தத் தொழிற்சாலைக்குச் செலுத்திய வரியின் வரவு கிடைக்காது. அவர்கள் கூலியை நிறுத்திவைப்பார்கள். சரக்கோடு போகும் டெலிவரி சலானுக்கும் இதே கதை. பெறுபவர், வண்டிக்காரர், அனுப்புபவர் என மூவருக்கு மூன்று படிகள் வேண்டும் என்பது விதி. பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து ஒரே எழுத்தில் மூன்றும் கிடைத்தன, லேசர் பிரின்டரில் மூன்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஆகையால் சலானுக்கு மட்டும் அச்சகத்துப் புத்தகமே மலிவு என்று ஆடிட்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். முதலாளி அதை மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டு, மூன்று படிகளையும் சிறிதாக்கி ஒரே தாளில் அடித்து, கையால் கிழித்துக் கொடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்.

தோல் பதனிடும் டேனரி வைத்திருக்கும் இவருடைய இனத்தார் இன்னும் ஒரு படி மேலே போகிறவர்கள். குரோம் கலந்த கசடு போன்ற அபாயகரக் கழிவை வெளியே அனுப்பும்போது ஏழு படிகள் கொண்ட ஒரு சீட்டு கூடவே போக வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதி. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம், சாம்பல் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம் அதில் குறிக்கப்பட்டுள்ளது. ஏழையும் வெள்ளைத் தாளிலேயே எடுத்து, மூலையில் பேனாவால் 'மஞ்சள்', 'நீலம்' என்று எழுதிவைப்பவர்கள் இவர்கள்.

தோல் பிரிவு மேஸ்திரிகூடப் பார்ப்பதற்காக வேலையை நிறுத்தும் காட்சி, மை தீரும் தறுவாயில் நடப்பது. பிரின்டர் மங்கத் தொடங்கியதும் புது கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டும் என்ற பேச்சு எழும். முதலாளி முதலில் மின்விசிறியை நிறுத்துவார். பிறகு கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, இரு கைகளாலும் இரு முனையையும் பிடித்து, மேலும் கீழும் குலுக்காமல் பக்கவாட்டில் மட்டும், குழந்தையை உறங்கவைக்கும் வேகத்தில் ஆட்டி, உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டி, திரும்பப் பொருத்துவார். கட்டைவிரலால் வருடித் தோலின் கனத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை சொல்லக்கூடிய கைகள் அவை. "இன்னும் அம்பது பக்கம் வரும்" என்பார். ஐம்பது பக்கம் வரும்.

இத்தனை பாடுபடும் இதே மனிதர் தம் லெட்டர்ஹெட்டின் தலைப்பில் உள்ள சின்னத்தை எடுக்கச் சம்மதிப்பதில்லை என்பது இந்த ஆய்வில் விளங்காத ஒரு பகுதி. அது விரித்த தோலின் உருவம். முழுக்கக் கறுப்பு, நடுவே வெள்ளை எழுத்தில் நிறுவனத்தின் பெயர். தாளில் பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சிறு அலுவலகங்களில் பரவலாகப் புழங்கும் 12ஏ கார்ட்ரிட்ஜ் சுமார் 2000 பக்கம் தரும் என்பது, பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே மை படியும் என்ற கணக்கில் சொல்லப்படுவது. அக்கணக்கின்படி இந்தச் சின்னம் ஒன்றே இரண்டு கடிதங்களின் மையைக் குடித்துவிடுகிறது. அமெரிக்காவில் சுவிர் மிர்சந்தானி என்ற 14 வயது மாணவர் எழுத்துருவை மாற்றினாலே அந்நாட்டு அரசு அச்சு மையில் கோடிக்கணக்கில் மிச்சம் பிடிக்கலாம் என்று 2014இல் கணக்கிட்ட செய்தியைப் படித்த அன்றே தம் எழுத்துகளையெல்லாம் மெலிய வைத்தவர், சின்னத்தைப் பற்றிய பேச்சை எடுத்தால் காது கேளாதவராகிவிடுவார். பெரியமேட்டு மண்டிக்குத் தோல் கொண்டுபோன காலத்தில் அவருடைய தந்தை, நல்ல ஆட்டுத்தோல் ஒன்றைத் தாளின்மேல் விரித்து, பென்சிலால் ஓரம் வரைந்து எடுத்த உருவம் அது. இடது பின்னங்கால் பக்கம் ஒரு சிறு வெட்டு இருக்கும். தோலுரித்தவர் கத்தி பட்ட இடம் அது, அதையும் விடாமல் வரைந்திருக்கிறார். அந்த வெட்டு இருக்கும்வரை இவர்மேல் முழுக் கோபம் கொள்வது எவருக்கும் கடினம்.

கோபம் வருவது சம்பளச் சீட்டில். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று தொழிலாளிக்கு மாதந்தோறும் தர வேண்டிய துண்டுச் சீட்டு அது. இங்கே தையல் மெஷினில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து காலையில் வேன் ஏறி வரும் பெண்கள். அந்த பி.காம். பெண் ஒரு தாளுக்கு மூன்று சீட்டு என்று அளவாக அமைத்திருந்ததை, முதலாளி நெருக்கி நான்காக்கினார். நான்காக்கியதில் ஒவ்வொரு சீட்டின் கடைசி வரியும் கத்தரிக்கோல் போகும் கோட்டுக்குக் கீழே இறங்கி, அடுத்த சீட்டின் உச்சியில் ஏறிக்கொண்டது. அந்த வரியில்தான் வருங்கால வைப்பு நிதியாகிய பி.எஃப்.க்காகப் பிடித்த தொகையும், அந்தத் தொழிலாளிக்கு ஆயுள் முழுவதும் உரிய யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க எண்ணும் இருக்கின்றன. ஒவ்வொருவர் கையிலும் மற்றொருவருடைய எண் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ அந்தப் பணத்தை எடுக்க விண்ணப்பிக்கும்போதுதான் இது தெரியவருகிறது, தெரிந்தபின் வேலூரில் உள்ள பி.எஃப். அலுவலகத்துக்கு ஒரு முழு நாள் போய்வர வேண்டியிருக்கிறது. அறுபது பேருக்கு இருபது தாள் ஆனது பதினைந்தாகக் குறைந்ததில் மாதம் ஐந்து தாள் லாபம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் மிச்சமாக எட்டு ஆண்டு நான்கு மாதம் ஆகும். வேலூர் போய்வந்த நாளுக்குக் கூலி கிடையாது. அந்தப் பிடித்தமும் அடுத்த மாதச் சீட்டில் கடைசி வரியில், கத்தரிக்கோல் போகும் இடத்தில், ஒழுங்காக அச்சாகிறது.